நூற்று நாற்பது பிளம் கிளைகள்

வூசி நகரத்தில் எங்கள் நூற்பாலைக்கு விளம்பரப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் இருந்தவள் ஷென் யாசியு ஒருத்திதான். கரும்பலகையில் உற்பத்திக் கணக்கு எழுதுவாள்; புத்தாண்டு நெருங்கினால் மை அரைத்துப் பிளம் பூ வரைவாள். இலை துளிர்க்கும் முன்பே பனியில் பூக்கிற மரம் அது. அரண்மனை உத்தியோகம் வேண்டாமென்று உதறிவிட்டுப் போனவர்கள் அந்தக் காலத்தில் அதைத்தான் வரைந்தார்களாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்களுக்கெல்லாம் யாசியு இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

தொண்ணூற்றேழு கடைசியில் நூற்று நாற்பது பெண்களை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்ப முடிவானது. மேலாளர் ஃபாங் யாசியுவைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பிளம் கிளை வரையச் சொன்னார். குளிரைத் தாங்கும் பூ, நம் சகோதரிகளுக்குத் தெம்பாக இருக்கும் என்றார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பதினோரு நாளில் வரைந்து கொடுத்துவிட்டாள்.

படத்தைக் கையில் கொடுத்துப் பெண்களை அனுப்பிவைத்த கூட்டம் நடந்த மறுநாள் காலை லூ சுய்ஹெ வந்தாள். நூல் சுற்றும் பிரிவுக்காரி. இருபது வருஷமாக யாசியுவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். தனக்குக் கிடைத்த படத்தை மேசைமேல் போட்டாள்.

"அக்கா, என் வீட்டுக்காரருக்குப் போன மாசமே வேலை போச்சு. இத கொதிக்க வச்சா கஞ்சியாவுமா?"

"அவங்க வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன்."

"அதத்தான் கேக்குறேன். எங்ககிட்ட இத்தன வருஷமா என்ன கதை சொன்ன நீ?"

சுய்ஹெ போனதும் யாசியு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். அங்கே சோபாவுக்கு மேலே அவள் வரைந்த பெரிய பிளம் படம் தொங்கியது. ஃபாங் உட்காரச் சொன்னார், தேநீர் ஊற்றினார். அந்தத் தேநீரைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டது.

"இது மாட்டேன்னு சொன்னவங்களோட பூ, ஃபாங் மேனேஜர். வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்றதுக்கு அத என் கையாலயே வரைய வச்சீங்க."

"குளிர்காலம்னா எல்லாரும் பொறுத்துத்தான் ஆகணும், ஷென்."

"இது வானத்துலேர்ந்து விழுந்த பனியா? நீங்க கையெழுத்துப் போட்டது."

சோபாமேல் ஏறிப் படத்தை இழுத்தாள், ஆணியோடு வந்தது. ஆலையின் சொத்து என்று அவர் கத்தக் கத்த நாலாகக் கிழித்துப் போட்டாள். திங்கட்கிழமை அவளுடைய பெயரும் வேலைநீக்கப் பட்டியலில் ஏறியது.

விஷயம் கேள்விப்பட்டும் சுய்ஹெ மனம் இளகவில்லை. வேலை பதியும் வரிசையில் யாசியுவுக்கு முன்னால் நின்றவள், திரும்பாமலே சொன்னாள்: "வரையறதுக்கு முன்னாடி கிழிச்சிருக்கணும்."

யாசியு இப்போது மீன் சந்தையில் விலைப்பலகை எழுதுகிறாள். யாராவது புத்தாண்டுக்குப் பிளம் பூ கேட்டு வந்தால், வேறு ஆளைப் பார் என்று எரிந்து விழுகிறாள். ஃபாங் மேலிருந்த கோபம் ஒருவேளை ஆறியிருக்கலாம். தன்மேல் உள்ளது ஆறவில்லை.