திங்கட்கிழமை பீர்

எனக்கு ஸ்ட்ராங் பீர் பிடிக்காது. வெல்லப்பாகு அடிப்பிடித்த ஒரு தித்திப்பு அதில் உண்டு. நாலு வாய் உள்ளே போவதற்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கும். எனக்குச் சாதா பீர்தான். அதிலும் கசப்பு தூக்கலாக இருக்கவேண்டும். பாகற்காயில் வெல்லம் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சுண்டை வற்றலை வெறும் வாயில் மெல்லுகிற ஆள் நான். காப்பிக்குச் சீனி போட்டு முப்பது வருடம் இருக்கும்.

மற்றதையெல்லாம் ருசி பார்க்காமல் ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் எங்களுக்கு மூன்று அறை கொண்ட ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. வந்து தங்குகிறவர்கள் பாட்டிலின் அடியில் மிச்சம் வைத்துவிட்டுப் போவார்கள். சாக்கடையில் ஊற்றுவதற்கு முன் ஒரு மூடி எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பேன். விஸ்கியில் வார்னிஷ் நெடி. ஜின் என்று ஒன்று, சுத்தமான யூகலிப்டஸ் தைலம். கொடைக்கானலில் தடுக்கி விழுந்தால் தைலக் கடை. தலைவலிக்குத் தடவுகிறதை எதற்குக் குடிக்கவேண்டும்? ரம் கிறிஸ்துமஸ் கேக்குக்குள் இருக்கும்வரை நன்றாக இருக்கும். வைன் என்று பாட்டிலில் வருவது இருமல் மருந்துக்குத் தங்கச்சி. பக்கத்து வீட்டில் பேரிக்காயில் போடுகிற வைன் மட்டும் தேவலை, அதுவும் பெரிய கிளாஸில் கொடுத்தால் வேண்டாம்.

பிராந்தியில் வெந்நீரும் மிளகுப் பொடியும் போட்டுக் குடிப்பது மலையில் சளிக்கு வைத்தியம். அதைக் குடி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண்களும் குடிப்பார்கள். குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ, அந்தச் சனியனை நான் தொட்டதேயில்லை" என்பார்கள். எனக்கு இந்தப் பாசாங்கு பிடிக்காது. பிராந்தியும் பிடிக்காது.

கூலிங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க, "பீர் கூலிங்கா இருக்கா?" என்று கேட்கிற டூரிஸ்ட்டை நான் தினம் பார்க்கிறேன். ஐஸில் வைத்த பீருக்கு ருசியே கிடையாது. நாக்கு மரத்துப்போனபின் அங்கே கசப்பு எங்கே தெரியும்? அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டின் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் பாட்டிலைப் போட்டு வைத்தால் போதும். தொட்டுக்கொள்ளப் பூம்பாறைப் பூண்டைத் தோலோடு வாணலியில் சுட்டு, உப்பும் வரமிளகாய்த் தூளும். அந்தப் பூண்டு வாசனைக்கு முன்னால் வேறு எந்த வாசனையும் வாயில் நிற்காது. அது ஒரு சௌகரியம்.

பழக்கம் வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மாளால். எங்கள் அறையில் மாதக்கணக்கில் தங்கியிருந்தாள். ஒரு திங்கட்கிழமை, வாரக் கடைசிக் கூட்டம் இறங்கிப்போனபின், நான் கம்பளியும் விரிப்பும் துவைத்துப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு கிளாஸில் பாதி ஊற்றி நீட்டினாள். முதல் வாய், வேப்பங்கொழுந்து ஊறின தண்ணீர். இரண்டாவது வாயில், அட, இதுவல்லவா ருசி என்று இருந்தது. அவள் ஊருக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமையும் பீரும் என்னோடு நின்றுவிட்டன. மூன்று மணிக்கு மஞ்சுமூட்டம் இறங்கும்போது ஒரு பாட்டில், வாரத்துக்கு அந்த ஒன்றுதான்.

வாங்கி வருவது என் கணவர். ஜீப் ஓட்டுகிறவர். குடியை மோந்துகூடப் பார்த்தவர் இல்லை. மிளகு போட்ட பிராந்திகூட அவருக்கு ஆகாது. சளி பிடித்தால் சுக்குக் கஷாயம்தான். ஆனால் பீர் வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த மாதம் அடைத்தது என்று பார்ப்பார். பழசு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து தனக்குப் பூண்டு உரித்துக்கொள்வார். "எப்படிக் கெடக்கு?" என்பார். "தேவலைங்க" என்பேன். அவ்வளவுதான் எங்கள் உல்லாசம்.

நானே போய் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். ஒருமுறை கடைக்குப் போனேன். அவருக்குக் காய்ச்சல். என்னைக் கண்டதும் வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் விலகி வழிவிட்டார்கள். இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் பாவம் பார்க்கிற குரலில், "அக்கா, அண்ணே இன்னைக்கு வரலியேக்கா" என்றார். புருஷனைத் தேடிச் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! எனக்கு வந்த எரிச்சலில் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். பெண்பிள்ளை அந்தக் கடை வாசலுக்கு அழத்தான் வரவேண்டும் போல.

மலையில் காலி பாட்டிலைக் காட்டில் எறியக்கூடாது, கடையிலேயே திருப்பிக் கொடுத்து, வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய வைப்புக்காசை வாங்கிக்கொள்ளவேண்டும். காடு நன்றாக இருக்கட்டும். ஆனால் அதனால் என் கணவர் ஒவ்வொரு வாரமும் பையில் காலி பாட்டிலோடு தெரு முழுக்க நடந்து, புது பாட்டிலோடு திரும்பி வருவார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போட்டிருக்கும் நாட்களில் மட்டும் கடைப்பக்கமே போகமாட்டார். அது அவருடைய பக்தி. எனக்கும் அந்த நாட்களில் சுக்குக் காப்பிதான். ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மாலை போட்டால் மட்டும் குடியை நிறுத்துகிற மனிதர் என்று முடிவு கட்டிவிட்டது. எங்களுக்கு அது தெரியாது.

தெரியவந்தது மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது. பையனும் அவளும் மதுரையில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், இருவருக்கும் விருப்பம். பையன் வீடு பழனியில். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அப்பா இல்லை, அம்மாதான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் விரும்பினாலும் விசாரிக்காமல் யார் பெண் எடுப்பார்கள்? பையனின் தாய்மாமா மலையேறி வந்து எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர் பாய் எங்களுக்கு வேண்டியவர், பொய் சொல்ல வராதவர். "தங்கமான குடும்பங்க. ஒரு சச்சரவு கெடையாது. என்ன, அண்ணே திங்கக்கெழம ஆனா மட்டும் கொஞ்சம்…" என்று கையை வாயருகே கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். நல்லதுதான் சொல்கிறோம் என்ற நினைப்பில் சொன்னது அது.

மறுநாள் மகள் போனில் அழுதாள். பையனின் அப்பா குடித்தே செத்தவர். குடித்துவிட்டு வந்து அந்த அம்மாவை அடித்த அடியில் இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. குடிகாரன் வீட்டில் சம்பந்தம் கிடையாது என்று அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மகன் கெஞ்சியபின் ஒரு வழி சொன்னார். அடிவாரத்தில் ஒரு சின்ன முனியப்பன் கோயில் இருக்கிறது. குடியை விடுகிறவர்கள் அங்கே சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டியபின் மீறிய ஆளை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லையாம். பெண்ணின் அப்பா வந்து கயிறு கட்டிக்கொண்டால் நாள் குறிக்கலாம்.

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மகள் போனிலேயே அலறினாள். "அம்மா, ஒன் கால்ல விழுறேன். அப்பா குடிக்கிறாருன்னா கயிறு கட்டிச் சரி பண்ணிரலாம். நீ குடிக்கிறன்னு தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. வாயத் தொறக்காத." அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த ஊரில் குடிக்கிற அப்பனுக்குப் பரிகாரம் உண்டு, குடிக்கிற அம்மாவுக்கு என்ன உண்டு?

என் கணவர் அலட்டிக்கொள்ளவில்லை. "இதுல என்ன இருக்கு? குடிக்காதவன் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுறதுக்கு என்ன சிரமம்? வெள்ளனே கெளம்புவோம், வெரசா முடிச்சிட்டு மத்தியானச் சவாரிக்கு வந்துரலாம்" என்றார்.

கோயிலில் அந்த அம்மாவும் தாய்மாமாவும் நின்றார்கள். மகளை நாங்கள் கூட்டிப்போகவில்லை. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்து, "யாருக்கு?" என்றார். என் கணவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். குடிக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னார் பூசாரி. கணீரென்று சொன்னார். குடும்பத்துக்குக் கெட்ட பேர் கொண்டுவரமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். அதையும் சொன்னார்.

"கடை வாசல மிதிக்க மாட்டேன்" என்று அடுத்ததை எடுத்துக்கொடுத்தார் பூசாரி.

என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுங்கய்யா" என்றார் பூசாரி. என் கணவர் கயிற்றைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தாய்மாமா உதட்டைப் பிதுக்கினார். அந்த அம்மாவின் முகத்தில், இந்தத் தயக்கத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எழுதியிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த மனிதர் எதற்காகத் தயங்குகிறார் என்று. சாமி முன்னால் சொல்லிவிட்டால் மீறமாட்டார். மீறாவிட்டால் என் திங்கட்கிழமைக்கு யார் வாங்கி வருவார்கள்? மகள் கல்யாணம் நடுவில் தொங்கும்போது இந்த ஆள் என் ஒரு பாட்டில் பீரை யோசித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"கயித்த எனக்குக் கட்டுங்க பூசாரி" என்றேன். "அவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. வாங்கிட்டு வர்றது எனக்கு. குடிக்கிறது நான்."

தாய்மாமா, "என்னாது?" என்றார். பூசாரி கயிற்றோடு அப்படியே நின்றார். அந்த அம்மா நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கிட்டே வந்தார்.

"நீங்களா?"

"ஆமா மதினி. வாரத்துக்கு ஒண்ணு."

என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: "குடிச்சா அண்ணன அடிப்பீங்களா?"

அதைக் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்குக் குடியைப் பற்றித் தெரிந்ததே அது ஒன்றுதான். "இல்ல மதினி. தூங்கிருவேன்" என்றேன். அந்த அம்மா தம்பியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். கயிறு யார் கையிலும் ஏறவில்லை.

அதற்குப்பின் மகள் என்னோடு பேசவில்லை. என் கணவர் திங்கட்கிழமை வழக்கம்போல வாங்கி வந்து தொட்டியில் போட்டார். எனக்கு மனம் வரவில்லை. மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. சொன்னது தப்பென்று மட்டும் தோன்றவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அந்த அம்மா தனியாகப் பழனி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம். உட்கார்ந்ததும் நேராகப் பேச்சுக்கு வந்தார். "இப்பந்தான் ஒங்க தெருவுல நானே வீடு வீடா விசாரிச்சேன். அண்ணன் சத்தம் போட்டோ நீங்க சத்தம் போட்டோ யாரும் கேட்டதில்லங்குறாங்க. அந்தப் பொண்ணு அப்படி வீட்டுல வளந்திருக்கா. எனக்கு அது போதும். தையில வச்சுக்கிருவோம்."

என் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட வெளியே போனார். நான் காப்பி போட எழுந்தேன்.

"காப்பி வேணாம் மதினி. அது இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"அதுதான். இருவது வருசம் அந்த வாடையோட படுத்து எந்திரிச்சேன். அந்தாளு வாந்தியக் கழுவிருக்கேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு வாய் குடுங்க."

தொட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து, டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் கொடுத்தேன். மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மூக்கை விட்டுவிட்டு ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. விழுங்கினார். டம்ளருக்குள்ளே எட்டிப் பார்த்தார், அடியில் இன்னும் ஏதோ இருக்கவேண்டும் என்பதுபோல.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா மதினி? இதுக்காகவா அந்தாளு என்னப் போட்டு அந்த அடி அடிச்சாரு?"

அந்த ஆள் குடித்தது பிராந்தியோ என்னவோ, இது பீர், இரண்டும் வேறு வேறு ருசி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவருடைய நல்ல காது இருக்கிற பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.