திரும்பி வரும் வழி மட்டும்

உள்ளறையில் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இது மூன்று.

“இருங்க டீச்சர், இதோ வந்துடறேன்” என்று வழிக்காரம்மா எழுந்து ஓடினாள்.

கணவரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு அவள் திரும்பி வந்தபோதும் டீச்சரின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தீவைச் சுற்றிப் பார்க்க வந்து, நாலு நாளாக இந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்குத் தங்கியிருந்தார். அன்று மேற்கு மலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

“இடப்பக்க ஜன்னலோரமா உட்காருங்கன்னு சொன்னீங்களே, போற வழியெல்லாம் பாறைச் சுவரைத்தான் பாத்தேன். பள்ளத்தாக்கு, அருவி எல்லாம் வலப்பக்கம். எட்டி எட்டிப் பாத்துக் கழுத்துதான் பிடிச்சிக்கிச்சு.”

“அப்படி இருக்காதே டீச்சர். அவர் எப்பவும் இடப்பக்கம்னுதான் சொல்லுவார்.”

“அது திரும்பி வரும்போதும்மா! திரும்பறப்போ மழை கொட்டுது, ஒண்ணும் தெரியல. நீங்க ஒரு தடவை போயிருந்தா இது தெரியாமலா இருக்கும்?”



என்ன சொல்வாள் வழிக்காரம்மா, பாவம்! அவள் கணவர் இருபத்தாறு வருடம் வேன் ஓட்டியவர். வடக்கின் உப்பு வயல்கள், கிழக்கின் காயல், மேற்கின் மழைக்காடு, தெற்கின் வெள்ளை மணல் என்று வருகிறவர்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டியவர். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அன்றைய வழியை அவளுக்குச் சொல்வார். வீட்டு நினைப்போடு வண்டியைத் திருப்பிய பிறகு பார்த்ததைத்தான் எப்போதும் சொல்லியிருக்கிறார். அவளும் அதையே வேதமாக மனப்பாடம் செய்துகொண்டாள்.

“அடுத்த சீசன்ல உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்பார். ஒரு சீசனில் மாமியாருக்குக் கால் முறிந்தது. ஒரு சீசனில் மகளுக்குப் பரீட்சை. மூன்று வருடத்துக்கு முன் அவருக்கே பக்கவாதம் வந்து உடம்பின் இடப்பக்கம் விழுந்துவிட்டது. அதன்பின் முன்னறையை வாடகைக்கு விட்டு, தங்க வருகிறவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே அவள் வழிக்காரம்மா ஆனாள். சந்தையைத் தாண்டி அவள் கால் பட்டதில்லை.

“நான் எங்கேயும் போனதில்லீங்க டீச்சர்” என்றாள்.

டீச்சரின் கோபம் எங்கேயோ போய்விட்டது. “நாளைக்குத் தெற்குக் கரை. ஜீப்ல ஓர் இடம் சும்மாதான் கிடக்கு. வாங்க. ஆறு மணிக்குள்ள வீட்டுல இருக்கலாம்.”

நாத்தனாருக்குப் போன் போட்டாள். “தாராளமாப் போயிட்டு வா அண்ணி! என் அண்ணனை நான் பாத்துக்கிறேன். கடிச்சா தின்னுடப் போறேன்?” என்று நாத்தனார் சிரித்தாள்.

காலை ஏழு மணி. பெட்டியின் அடியிலிருந்து நீலப் புடவை வெளியே வந்தது. தலை சீவி, கணவருக்குக் கஞ்சி ஊட்டி, எந்த மாத்திரை எப்போது என்று நாத்தனாருக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது.

“ஏங்க, போயிட்டு வந்துடறேன்” என்று கட்டிலருகே குனிந்தாள்.

அவருடைய வலது கை முந்தானையைப் பற்றியது. “போகாத… பயமா இருக்கு” என்று குழறினார்.

“ஏண்ணே, ஊர் உலகத்துக்கெல்லாம் சுத்திக் காட்டினியே, பொண்டாட்டியை ஒரு நாள் விட மாட்டியா? நான் என்ன பேயா பிசாசா?” என்று அதட்டினாள் நாத்தனார்.

அவர் கண்ணிலிருந்து நீர் காதோரமாக வழிந்தது. போன மாதம் அவள் கடைக்குப் போயிருந்தபோது கட்டிலிலிருந்து விழுந்து, தட்டுவதற்குச் சட்டம்கூட எட்டாமல் அரைமணி நேரம் தரையில் கிடந்தவர் அவர். அது நாத்தனாருக்குத் தெரியாது.

அந்தப் பிடியை விடுவிக்க அவளுடைய ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல்தான் அவளுக்கு எழவில்லை.

ஹாரன் மறுபடியும் அடித்தது. சற்றுப் பொறுத்து டீச்சரே இறங்கி வாசலுக்கு வந்தார்.

“என்னம்மா, கிளம்பலையா?” என்ற குரல் கேட்டதும் வழிக்காரம்மா, “டீச்சர் கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். எங்கேயும் போகலைங்க, சத்தியமா” என்று கணவரின் காதில் சொன்னாள். அதன் பிறகே அந்தக் கை தளர்ந்தது.

வாசலுக்கு வந்தாள். “நீங்க போங்க டீச்சர்.”

“நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்பிடுவேனே. இன்னொரு தடவை இப்படி அமையுமா?”

“அமையாதுங்க.”

“சரி, சாயங்காலம் வந்து ஒண்ணு விடாம உங்களுக்குச் சொல்றேன்.”

“வேண்டாம் டீச்சர்” என்றாள் வழிக்காரம்மா. “தயவு செஞ்சு சொல்லாதீங்க. கேட்டதெல்லாம் போதும்.”

டீச்சர் படியிறங்கினார். ஜீப் தெருமுனை திரும்பும்வரைகூட அவள் நிற்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.