இடது பக்கத்து நாற்காலி

பதினெட்டு வயதில் கொரோகா விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்மாவின் பொறுப்பில் கொடுக்கப்பட்டது ஒரு தராசு. மலைக் கிராமங்களுக்குப் போகும் சின்ன விமானங்களில் ஆளையும் மூட்டையையும் சேர்த்து நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். தாடிக்காரப் பெரிய மனிதர்களெல்லாம் தராசு பொய் சொல்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். எல்மா குரலை உயர்த்த மாட்டாள். ஒன்று மூட்டை இறங்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் இறங்க வேண்டும் என்பாள். இறங்குவார்கள்.

தராசடியில் நின்றபடியே, விமானம் போகிற பக்கம் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை முளைத்தது. திருச்சபையார் உதவித்தொகை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். இருபத்தைந்து வயதில் உரிமத்தோடு திரும்பி, இரட்டை எஞ்சின் விமானத்தில் வலது பக்கத்து இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்தாள். உயர்நிலைப் பள்ளியில் விவசாயம் சொல்லிக்கொடுக்கும் ஜெத்ரோவைக் கட்டிக்கொண்டாள்; இரண்டு பெண்கள் பிறந்தார்கள். வலது இருக்கையில் ஒன்பது வருடம் ஓடியது. கையும் காலும் விமானத்துக்குப் பழகின. கூடவே இன்னொன்றும் பழகிவிட்டது. எதற்கும் ஒருமுறை இடப்பக்கம் திரும்பி, கேப்டன் முகத்தைப் பார்த்துக்கொள்வாள். தராசில் முள் ஒரு எண்ணைக் காட்டியது, அவள் சொன்னாள். மேகத்துக்கு முள் கிடையாது.

அவளைக் கேப்டனாக்குவதற்கான சோதனை ஹெனகாவி என்ற மலைக் கிராமத்தில் நடந்தது. அதன் ஓடுதளம் மலையின் மடியில் ஏறுமுகமாகக் கிடக்கும், மேல்முனையில் பாறை. கீழே ஆற்றோரத்துத் தேவாலயத்தின் தகரக் கூரையைத் தாண்டிவிட்டால் விமானத்தைத் திருப்ப இடம் கிடையாது, இறங்கித்தான் ஆகவேண்டும். அதனால் கூரை வருவதற்கு முன்பே, இறங்குகிறோமா திரும்புகிறோமா என்று கேப்டன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அன்று எல்மா முதல்முறையாக இடது பக்கத்தில். சோதனை செய்யும் கேப்டன் மொரேயா வலது பக்கத்தில். வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கூரை நெருங்கியதும் எல்மாவின் தலை தானாக வலப்பக்கம் திரும்பியது. அவர் தலையசைத்த பிறகுதான் அவள் வாயிலிருந்து வார்த்தை வந்தது.

இறங்கியதும் மொரேயா சொன்னார்: "நல்லா ஓட்டுறீங்க எல்மா. ஆனா இறங்கலாமான்னு என் மூஞ்சியக் கேக்குறீங்க. நான் இல்லாத அன்னைக்கு யாரக் கேப்பீங்க?"

நிறுவனத்தார் அவளை ஒரு நாள் தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைநகர் மோர்ஸ்பியிலிருந்து வந்த பயிற்சியாளர் கண்ணாடி முன்னால் நின்று நல்ல வார்த்தை பேசச் சொன்னார். ஜெயித்துவிட்டதாகவே கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். எல்மா சொன்னதைச் செய்கிறவள். குளிர்பெட்டிக் கதவில் 'நான் கேப்டன் எல்மா' என்று எழுதி ஒட்டினாள். தினம் காலையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மனசு லேசானது, தூக்கம் வந்தது, முகத்தில்கூட ஒரு தெளிவு வந்ததாக ஜெத்ரோ சொன்னான்.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது சோதனை. இந்த முறை மொரேயா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். முகம் கிடைக்கவில்லை. கூரை வந்தது. "இறங்குறோமா?" என்றாள் எல்மா. 'இறங்குறோம்' என்று முடிய வேண்டியதில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. அந்தச் சோதனையும் போயிற்று.

சாயங்காலம் குளிர்பெட்டியிலிருந்து சீட்டைக் கிழித்தாள். வலது பக்கத்திலேயே காலத்தை ஓட்டிவிடுகிறேன், அதற்கும் சம்பளம் தருகிறார்களே என்று ஜெத்ரோவிடம் சொன்னாள். அவன் பன்றிக்குப் போட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் கண்ணை மூடினால் என்ன தெரிந்தது என்று கேட்டான். தோளில் கேப்டனுக்குரிய நாலு கோடு, மேசையில் கேக், பெண்கள் இரண்டு பேரும் புதுச் சட்டையில், எல்லாரும் கைதட்டுகிறார்கள் என்றாள்.

"கூர தெரிஞ்சுதா?"

"எந்தக் கூர?"

"கோயில் கூரதான். நீ மாட்டிக்கிற எடம்."

எல்மா யோசித்துப் பார்த்தாள். ஒருநாள்கூடத் தெரிந்ததில்லை. அந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதித்து நேராகக் கேக்குக்குப் போயிருக்கிறாள். ஜெத்ரோ கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வேலை முடிந்து வந்து சமையலறையில் இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் மாணவர்கள் எல்லாரும் இப்படி நாற்காலியில் உட்கார்ந்தே பறந்து பார்ப்பார்கள். உரிமம் கிடைத்ததும் அது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டிருந்தாள். சட்டி மூடி ஒன்று கைச்சக்கரமானது. அந்த விமானத்தில் எஞ்சின் நெம்புகோல் தலைக்கு மேலே நடுவில் இருக்கும்; உத்திரத்திலிருந்து இரண்டு மரக்கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டாள். காலடியில் மிதிகட்டைகளாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்பது வருடமாக இடது கை செய்த வேலையை இனி வலது கை செய்ய வேண்டும். அதுவே ஒரு வாரம் தகராறு பண்ணியது.

ஜெத்ரோவின் தங்கை டோர்க்கஸ் சந்தையில் முட்டைக்கோசு விற்கிறவள். ஒருநாள் கடையைக் கட்டிவிட்டு வந்தவள், கால் வலிக்கிறதென்று அந்த வலது நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயில் பாக்கு. எல்மா மனசுக்குள் கூரைக்கு வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் தலை திரும்பியது.

"என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு அண்ணி? முன்னாடி பாருங்க. மோதி என்னையும் சேத்துக் கொன்னுடாதீங்க."

எல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. காலி நாற்காலி போதாது, பார்க்க ஒரு முகம் வேண்டும். பார்க்காமல் இருக்கப் பழகுவதற்கு. அன்றிலிருந்து டோர்க்கஸ் தினம் சாயங்காலம் வந்தாள். ஒருநாள் செத்தவள்போல் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவாள். ஒருநாள் கூரை வரும் நேரம் பார்த்து ஐயோ என்று கண்ணை உருட்டுவாள். இன்னொரு நாள் ரொம்ப மரியாதையாக, "இறங்கிடுங்களேன் அண்ணி, எனக்கு அவசரமா வருது" என்று கெஞ்சினாள். எல்மா திரும்பவில்லை. மேகம் மறைத்த நாள், தளத்தில் பன்றி மேயும் நாள், ஒரு எஞ்சின் மக்கர் செய்யும் நாள் என்று விதவிதமாக மனசில் ஓட்டிப் பார்த்தாள். கேக்கைப் பார்க்கவே நேரமில்லை. ஒவ்வொரு முறையும் கூரைக்கு முன்னால் ஒரே வார்த்தை, கேள்வி ஒட்டாமல். இறங்குறோம். இல்லையென்றால், திரும்புறோம்.

ஜெத்ரோ பொண்டாட்டி சட்டி மூடியோடு பேசுகிறாள் என்று சந்தையில் பேச்சு எழுந்தது. டோர்க்கஸ் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பைத்தியம்தான். மலைக்குப் போனா உங்களத் தூக்கிட்டுப் போற பைத்தியம். பேசாம காயப் பாத்து எடுங்க" என்றாளாம்.

மூன்றாவது சோதனை ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு பயணிகள், அரிசி மூட்டைகள், பள்ளிக்கூடப் புத்தகங்கள். கொரோகாவில் வெயில். ஹெனகாவியில் மலைமேட்டிலிருந்து மேகம் பால் பொங்கி வழிகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தளத்தின் கீழ்முனை பளிச்சென்று தெரிந்தது. மேல்முனை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. மொரேயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குக் கன்னத்தில் சூடு மாதிரி தெரிந்தது.

"திரும்புறோம்" என்றாள் எல்மா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அதற்குள் கை மேலே நெம்புகோலுக்குப் போய்விட்டிருந்தது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் வட்டமடித்தாள். எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, கால் மணி நேரம் காத்திருப்பது, அதற்குமேல் இல்லை என்று அறிவித்தாள். பன்னிரண்டாவது நிமிடம் மேகம் விலகியது. மறுபடி வந்தாள். பாறை வரைக்கும் தளம் முழுசாகத் தெரிந்தது. கூரைக்கு முன்னால், "இறங்குறோம்" என்றாள். இறங்கினார்கள்.

பயணிகள் மூட்டையைத் தேடிக்கொண்டு போனார்கள். யாரும் கைதட்டவில்லை. மொரேயா படிவத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இருபது நிமிஷமா ஒரு தடவகூட இந்தப் பக்கம் திரும்பலையே. மனுஷன் உயிரோட இருக்கானான்னு பாத்திருக்கலாம்ல."

எல்மா அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். நன்றி சொல்ல நினைத்தாள். அதற்குள் மூட்டை இறக்குகிறவர்கள் கதவைத் தட்டியதால் எழுந்து போய்விட்டாள்.

கேப்டனான இரண்டாம் மாதம் ஒரு அரசியல்வாதியின் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே ஹெனகாவிக்குப் போனாள். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. இரண்டு முறை கூரை வரை போய் இரண்டு முறையும் திருப்பினாள்; பிறகு கொரோகாவுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டாள். கூட்டம் போச்சு, ஒரு பெண்ணை ஓட்டவிட்டால் இப்படித்தான் என்று ஒருவன் ஓடுதளத்திலேயே நின்று கத்தினான். எல்மா குடையை விரித்து, அவனும் நனையாதபடி பிடித்துக்கொண்டாள். அவன் முடிக்கும்வரை கேட்டாள். நாளைக் காலை ஆறரைக்கு மழை இல்லையென்றால் கூட்டிப்போகிறேன், மழை இருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு, வானிலை அறிக்கை வாங்க உள்ளே போனாள்.