தையல் மெஷினுக்கு வந்த மொய்

இராக்கம்மாவுக்குப் புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டத் தெரியாது. காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது கணக்கப்பிள்ளை சொன்னது பிடிபடாவிட்டால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னொருக்கா சொல்லுங்கய்யா" என்பாள். அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

அப்பேர்ப்பட்டவள் ஏமாந்துபோனாள் என்று ஹாலிஎலக் கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே கூப்பனை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தவர்கள். என் வாயைக் கிளறாமல் இருந்தால் அவர்களுக்கு நல்லது.

அவள் மகள் லெட்சுமிக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாது. ஆனால் ஊசியும் நூலும் கொடுத்தால் போதும், பழைய துணியையும் புதுசாக்கிவிடுவாள். ஒரு தையல் மெஷின் மட்டும் இருந்தால், தன் காலத்துக்குப் பிறகும் இவள் யாரையும் அண்டாமல் பிழைத்துக்கொள்வாள் என்பது இராக்கம்மாவின் கணக்கு. வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில், பதுளையிலிருந்து ஏஜண்ட் சவரிமுத்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். அவர் சொன்னது இதுதான். ஒரு கூப்பன் வாங்க வேண்டும். பிறகு நாலு பேருக்கு ஆளுக்கொரு கூப்பன் விற்க வேண்டும். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைப் பிடித்துவிட்டால், கொழும்புக் கம்பெனியிலிருந்து மெஷின் ரயிலேறி வந்துவிடும். அடுத்தடுத்து அவர்களுக்கும் அப்படியே வரும்.

"அவங்க புடிக்கிறவங்களுக்கும் ஆளு வேணுமேங்க. எங்கேருந்து வரும்?" என்று கேட்டாள் இராக்கம்மா.

"என்னம்மா இப்புடிக் கேக்குறீங்க? நாட்டுல ஆளுக்கா பஞ்சம்?"

"எங்களத்தான் பிரஜாவுரிமையப் பறிச்சு, இந்த நாட்டு ஆளே இல்லன்னு சொல்லிட்டாங்களேங்க. எங்களச் சேத்துச் சொல்றீங்களா, சேக்காமச் சொல்றீங்களா?"

சவரிமுத்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை. புருஷன் அழகையாவைக் கேட்டாள். "எனக்கு மட்டும் என்னா தெரியும்?" என்று அவர் வெற்றிலையை மென்றார். ஹாலிஎலயில் துணிக்கடை வைத்திருந்த ஸலீம் முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

"யாவாரம்னா சாமான் கை மாறணும் இராக்கம்மா. இதுல ஆளுதான் கை மாறுது" என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பதுளையில ஒருத்தருக்கு மெஷின் வந்திச்சாமே" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். போகும்போது இருந்ததைவிடக் குழம்பித்தான் திரும்பி வந்தாள்.

அடுத்த லயத்தில் ஒரு கல்யாணம். தாம்பாளத்தில் மொய் போடக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அட, இதும் மொய்தானே! இன்னைக்கு நாம போடுறோம். நமக்கு வேணுங்கிறப்ப திரும்பி வருது."

அதுவரை குழப்பம் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள். கூப்பனை வாங்கினாள். அழகையாவின் தங்கை கருப்பம்மாவிடம் முதலில் போய், "மொய் மாதிரிதான் கருப்பம்மா, போட்டா திரும்பி வரும்" என்றாள். மொய் என்றதும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நாலு பேரும் சேர்ந்தார்கள். அவர்கள் போய்ச் சொன்னவர்களும் சேர்ந்தார்கள். சவரிமுத்துவே பக்கத்துத் தோட்டங்களில் "மொய்யம்மா, மொய்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்துப் பெண்ணொருத்தி இராக்கம்மாவின் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஒரு கூப்பன் வாங்கிக்கங்க. மொய் மாதிரிதான், போட்டா திரும்பி வரும்."

தன் பேச்சு தன் வாசலுக்கே திரும்பி வந்தபோதுதான் இராக்கம்மாவுக்கு உறைத்தது. தோட்டத்தில் இனிமேல் பிடிக்க ஆளே இல்லை.

மெஷின் வரவில்லை. சவரிமுத்து வருவதும் நின்றது. பதுளைக்குப் போய்த் தேடினாள். அவர் இருந்த அறை பூட்டியிருந்தது. அந்த ஆளும் யாரோ பிடித்த நாலு பேரில் ஒருத்தர்தான் என்றார்கள் பக்கத்துக் கடையில். அவரைத் திட்டுவதா, பாவம் என்று விடுவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

லயத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. காத்திருந்தார்கள். கம்பெனியை யார் கண்டது? மொய் வாங்கின வீடுதானே திருப்பிச் செய்ய வேண்டும்!

"ஏங்க, நானா வாங்குனேன்? ஏஜண்டுதானே வாங்குனாரு?" என்று அழகையாவிடம் அழுதாள்.

"மொய்யின்னு நீதானே சொன்ன" என்றார் அவர்.

தை மாதம் கருப்பம்மா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீராக அழகையா சேலை எடுத்தார். லெட்சுமி இருந்த இடத்தை விட்டு நகராமல் ஒரு ரவிக்கை தைத்தாள். சபையில் தாம்பாளத்தை நீட்டி, "சேலை ஒங்க அண்ணனோட சீரு. ரவிக்கை நான் திருப்புற மொய்" என்றாள் இராக்கம்மா.

கருப்பம்மா ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே சீராக ஓடியிருந்த தையலை விரலால் தடவினாள். அவள் முகம் மாறிவிட்டது.

"மெஷின் வந்துருச்சா மதினி? ஒனக்கு மட்டும் வந்துருச்சா?"

சபையே திரும்பிப் பார்த்தது. இராக்கம்மாவுக்குப் பிடிபடவில்லை. மகளின் தையலை மெச்சுகிறாளா, தன்னைத் திருடி என்கிறாளா? சந்தோஷப்படுவதா, செத்துப்போவதா?

சடங்கு முடிந்த கையோடு கருப்பம்மா லயத்து அறைக்குள் வந்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த லெட்சுமி இடது கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் கன்றிப் போயிருந்தது.

"இதுதான் அத்தே மெஷின்" என்றாள்.

கருப்பம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.