கிருஷ்ணகிரி ரயில் மேட்டில் ஒரு கல்லறைத் திருநாள்

ஓசூருக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ரயில் சத்தம் கேட்டே வளர்ந்தவள். ரயில் இல்லாத ஊர் எனக்கு உப்பில்லாத குழம்பு. மூடிப்போன ரயில் பாதைகளைத் தேடிப் போய் இந்தத் தளத்தில் எழுதுவதும் அந்தக் கிறுக்கில்தான். பக்கத்திலேயே இருந்தும் கிருஷ்ணகிரியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. மாவட்டத் தலைநகரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நெடுஞ்சாலை, ஆனால் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று படித்திருக்கிறேன். மிச்சம் என்ன இருக்கிறது, எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா கேன்டீனில் அதற்கு வழி சொன்னாள். "ரயில் ரோடு பாக்கணுமாக்கா? எங்க வூட்டுக்காரரே அது மேலதான் படுத்திருக்காரு, வாங்க." அவள் கணவர் அந்தோணி இறந்து நாலு வருடம் ஆகிறது. பர்கூர் பக்கம் அவர்கள் ஊரில் பழைய ரயில் மேட்டின் மேல்தான் அவர் கல்லறை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வருடா வருடம் பூ வைக்கப் போவாள். இந்த முறை பூவோடு ஒரு பதிலும் கொண்டுபோக வேண்டியிருந்தது. புது ரயில் பாதைக்கு அளந்துகொண்டு வந்தவர்கள் அந்த மேட்டில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கல்லறைகளை எடுத்து வழி விடுவதா, முடியாது என்பதா? கல் அந்தோணி கல்லறையை ஒட்டி நின்றதால், ஊரில் ஸ்டெல்லாவின் ஆட்கள் கூடி, அவள் சொல்வதுதான் முடிவு என்று விட்டுவிட்டார்களாம். பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன். "தெரியலக்கா. நேத்து பூரா தூங்கல," என்றாள்.

காலை 6.20-க்குப் பேருந்து. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரண்டு பேருக்கும் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஸ்டெல்லா ஒரு சாக்கு நிறையச் சாமந்தி வாங்கி வைத்திருந்தாள். நடத்துநர் அதைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு டிக்கெட் போட்டுரட்டுமா? எனக்கு மேல கனமா இருக்குது," என்றார். ஸ்டெல்லா சிரித்தாள். அன்று காலையில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

சூளகிரி தாண்டியதும் அவள் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, "அக்கா, நீங்க இந்தாண்ட வாங்க," என்று என்னைத் தள்ளி உட்காரவைத்தாள். வெயில் படுகிறதோ என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "போயிடுச்சாக்கா, அந்தப் பெட்ரோல் பங்க்?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அந்தோணி மாம்பழ லோடு ஏற்றிப் போகும் டெம்போ ஓட்டியவர். அந்த இடத்தில் ஒரு லாரி மோதியிருக்கிறது. நாலு வருடமாக இந்தப் பாதையில் போகும்போதெல்லாம் அவள் இப்படித்தான் இடம் மாறி உட்கார்கிறாளாம்.

கிருஷ்ணகிரியில் இறங்கி டீ குடித்தோம். என் வழக்கப்படி, பழைய ரயில்வே ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தெலுங்குக்காரர். "ஸ்டேஷனா? ஜோலார்பேட்டை பஸ் அங்க நிக்குது, ஏறிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது," என்றார். பெயர் மட்டும் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக நான் ஒன்றும் எழுதிவிட முடியாது.

கதை இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கம் பஞ்சம் அடிக்கடி வந்தது. வெளியிலிருந்து தானியம் கொண்டுவர ஒரு வழி வேண்டும் என்று, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் பாதை போட்டார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான். பாதை சர்க்காருடையது, ரயிலை ஓட்டியது ஒரு தனியார் கம்பெனி. கம்பெனிக்குப் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்கு போட்டவனுக்கு வட்டி நிச்சயம் என்று சர்க்கார் எழுதிக்கொடுத்திருந்தது. குறைந்தால் நம் வரிப்பணத்திலிருந்து போகும். நட்டம் உனக்கு, லாபம் எனக்கு என்பதைச் சட்டமாகவே போட்டு வைத்திருந்தார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு வேண்டும், இந்த மாதிரிச் சின்னப் பாதைகளில் வருமானமும் இல்லை. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனியும் கொஞ்ச நாளில் சர்க்காரோடு சேர்ந்துவிட்டது. பஞ்சத்துக்கென்று போட்ட பாதை போனது. அதற்காக எடுத்த நிலம் மட்டும் எடுத்தவர்களிடமே நின்றுவிட்டது. கிருஷ்ணகிரிக்கு இன்று வரை ரயில் திரும்பி வரவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் தவறாமல் வருகிறது.

பர்கூர் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். பேருந்தில் போய் இறங்கி, துணிக்கடை வரிசையைத் தாண்டி ஒரு ஆட்டோ பிடித்தோம். போக 150 ரூபாய். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். ஆட்டோ ஓட்டியவர் பெயர் முனிரத்னம். ரயில் மேட்டுக்கு என்றதும் உற்சாகமாகிவிட்டார். "கல்லு நட்டுட்டாங்க மேடம். இந்த வாட்டி நிச்சயமா வந்துரும். ஸ்டேஷன் வந்துட்டா நான் எதுக்குத் துணிக்கடை வாசல்ல காய்ஞ்சிக்கிட்டு நிக்கப் போறேன்?" ஸ்டெல்லா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் பூச்சாக்கு இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வாயை மூடியிருப்பார், நல்ல மனிதர்தான்.

ரயில் மேடு என்பது கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவே ஓடும் ஒரு நீண்ட மண் கரை. ஓரிடத்தில் கருங்கல் வைத்துக் கட்டிய சின்னப் பாலம் இன்னும் அசையாமல் நிற்கிறது. அதைத் தாண்டியதும் மேடு இடது பக்கமாக வளைகிறது. அந்த வளைவில்தான் கல்லறைகள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவை கிடந்த விதம். வழக்கமாகக் கல்லறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இங்கே ஒன்றன் தலைமாட்டில் இன்னொன்றின் கால்மாடு என்று நீளவாக்கில், வரிசையாக, மேட்டோடு சேர்ந்து வளைந்து போகின்றன.

"சின்ன ரயில் மேடுங்க, அகலம் இல்ல. குறுக்கால வெச்சா கால் சரிவுல தொங்கும்," என்றார் உபதேசியார் சின்னப்பன். பங்குச் சாமியார் வராத நாட்களில் அந்த ஊரில் ஜெபம் நடத்துபவர் அவர். ஊர்ப் பொது இடுகாட்டில் இவர்கள் ஆட்களுக்கு இடம் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தண்டவாளம் போன மேடு கேட்பாரில்லாமல் கிடந்தது, தண்ணீரும் ஏறாது. அங்கே புதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதில் ஒரு கொடுமை உண்டு. வளைவு போகிற அந்த இடம் அந்தோணி குடும்பத்தின் கொல்லையாக இருந்ததுதான். பாதை போட எடுத்தார்கள். பாதை போனதும் திருப்பித் தரவில்லை. சொந்த நிலத்தில் அவர்கள் திருட்டுத்தனமாகச் செத்தவர்களைப் புதைத்து வந்திருக்கிறார்கள்.

அந்தோணிக்கு ரயில் என்றால் உயிர். கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்று யார் மறியல் செய்தாலும் கொடி பிடிக்க முதல் ஆளாக நிற்பாராம். கல்யாணம் ஆன மறுவாரமே போலீஸ் வேனில் ஏறியவர். "விருந்துக்குப் போக வேண்டிய நாளு, மண்டபத்துல அடைச்சி வெச்சிருந்தாங்கக்கா," என்றாள் ஸ்டெல்லா. அவர் ஒன்றை அடித்துச் சொல்லுவாராம்: புது ரயில் பெரிய ரயில், இந்த வளைவில் திரும்பாது, வேறு பக்கம் நேராகத்தான் போகும், நம் கல்லறைகளுக்குப் பயமில்லை. ஊரே அதை நம்பியது. அவரையும் அந்த நம்பிக்கையில்தான் அங்கே வைத்தார்கள். அவர் தலைமாட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வெள்ளையடித்துச் சிவப்பில் குறி போட்ட அளவைக் கல் நின்றது. சர்க்கார் நிலம் சும்மா கிடக்கிறது, புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டாம், அதனால் இந்தத் துண்டை எடுத்துக்கொள்வோம் என்று அளக்க வந்தவர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம்.

ஜெபம் முடிந்தது. மெழுகுவத்திகள் காற்றில் நிற்காததால், பாதி தேங்காய்ச் சிரட்டையை மறைப்பாக வைத்து ஏற்றினார்கள். பிறகு எல்லோரும் அந்தோணி கல்லறையைச் சுற்றி நின்றார்கள். கிருஷ்ணகிரி சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதாகச் சாமியார் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று உபதேசியார் சொன்னார். "ஆனா எல்லா வூடும் ஒரே வார்த்தையா சொல்லணும். சொல்லும்மா."

ஸ்டெல்லா வாய் திறக்குமுன் அந்தோணியின் தம்பி சூசை குறுக்கே வந்தார். கண் சிவந்திருந்தது. "எதுக்குச் சொல்லணும்? நெலத்த எடுத்தானுங்க. அப்புறம் ரயிலை எடுத்தானுங்க. இப்ப பொணத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்கறானுங்க. இன்னும் எத்தினி வாட்டி அண்ணி? இதுக்கு முன்னாடியும்தான் அளந்தாங்க, வந்துச்சா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நானாக இருந்தால் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஸ்டெல்லா கல்லறை மேல் ஒதுங்கிக் கிடந்த பூக்களை நேராக்கினாள். "நீ சொல்றது நியாயம்தான் சூசை. ஆனா உங்கண்ணன் ஆயுசுக்கும் ரயிலு ரயிலுன்னாரு. இப்ப வரேன்னுது. குறுக்கால அவுரே படுத்திருக்கறதா? எந்திரிச்சி வந்தா நம்மள ஒதைப்பாரு." யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். "எடுத்துரலாம். தோண்டறப்ப நான் இருப்பேன். ஆம்பளைங்க மட்டும்னு யாரும் சொல்லக் கூடாது."

"வரலன்னா அண்ணி?" என்றார் சூசை. குரல் உடைந்துவிட்டது.

"வரலன்னா எனக்கு அவுரு ரெண்டாவது வாட்டி செத்தாப்பலதான். அத நான் பாத்துக்கறேன். நீ அழாத."

அவரை அழாதே என்று சொன்னவள், மேட்டுச் சரிவில் இறங்கி மாமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை மூடிய பாதைகளை எழுதியிருக்கிறேன், கம்பெனிகளைத் திட்டியிருக்கிறேன். ஒரு பாதை போட்டதும் எடுத்ததும் எண்பது வருடம் கழித்து ஒரு பெண்ணின் நெஞ்சில் வந்து இப்படி முட்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஓசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ரயிலில்தான் வருவேன் என்பவர்கள் திருப்பத்தூரில் இறங்கிப் பேருந்தில் பர்கூர் வரலாம். சாப்பாட்டை பர்கூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மேட்டுப் பக்கம் கடை இல்லை. மழைக்காலத்தில் கரையில் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னால் போகவர 350 ரூபாய். பர்கூரிலிருந்து கிழக்கே போனால் வேறு இடங்களிலும் மேடு தெரியும். எங்கே கல்லறை இருந்தாலும் படம் எடுக்காதீர்கள், நானும் எடுக்கவில்லை. கல்லறையைத் தாண்டி நடக்க நேர்ந்தால் மேட்டிலிருந்து இறங்கிச் சுற்றிப் போங்கள். நீளவாக்கில் இருப்பதால் தெரியாமல் மிதித்துவிடுவீர்கள்.

திரும்பும்போது கிருஷ்ணகிரியில் 4.10-க்குப் பேருந்து கிடைத்தது. ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்ரோல் பங்க் நெருங்கியதும் நானே எழுந்து இடம் மாற்றிக்கொள்ளத் தயாரானேன். அவள் அசையவில்லை. எதிர்ச்சாரியில் ஓசூரிலிருந்து வரும் லாரிகள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நெருக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள், பேருந்து தாண்டிய பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, ரயில் வந்துச்சுன்னா இந்த ரோட்டுல லாரி கொறையுமா?"

"கொஞ்சம் குறையும்."

"கொஞ்சம் கொறைஞ்சாப் போதும்," என்றாள்.