அம்மாமார் உட்கார்ந்த கதிரை

எங்கள் அலுவலகத்தில் ஒரு பிரம்புக் கதிரை இருக்கிறது. கை வைக்கும் இடத்தில் பிரம்பு பிரிந்து, எழும்போது சேலையைப் பிடித்து இழுக்கும். கண்டி நகரத்துப் பழைய தளபாடக் கடையொன்றில் அதைத் தேடிப் பிடித்தவர் அக்காதான். அலுவலகக் கதிரையில் உட்கார வைத்தால் அம்மாமார் பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பவர்களைப்போல விறைத்துப் போகிறார்களாம். வீட்டுக் கதிரையில்தான் பேச்சு வருமாம். இப்போது அது ஜன்னலோரம் சும்மா கிடக்கிறது.

அக்கா, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மகனாகப் பிறந்து, கண்டிக்கு வந்து பெண்ணாக வாழ்ந்தவர். தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோருக்காகவும் பேசுகிற எங்கள் சிறிய அமைப்பில், எதைப் பேசுவது, யாரைப் பேச வைப்பது என்று தீர்மானிப்பவர் அவர். நான் படம்பிடித்துத் தொகுத்து இணையத்தில் போடுபவள். கொழும்பிலிருந்து வரும் தோழர்கள் உரிமை, சட்டம், வானவில் கொடி என்று தொடங்குவார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொடியப் பாத்தா நம்ம ஆளுங்க போன்ல விரலால தள்ளிட்டுப் போயிருவாங்க. ஒரு அம்மா அழாமப் பேசினா நின்னு கேப்பாங்க" என்பார். அழாமல் என்பதில் அவர் மகா கண்டிப்பு. அழுகையைக் கண்டால் இரக்கப்பட்டுவிட்டு மறந்துவிடுவார்கள் என்று, அந்த இடங்களையெல்லாம் என்னை வெட்டச் சொல்லுவார்.

ஆகவே எங்கள் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். கதிரையில் ஒரு தாய். கமராவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "ஒங்க புள்ளைக்கு என்னம்மா சாப்பிடப் பிடிக்கும்?" குண்டசாலையிலிருந்து வந்த ஒரு தாய் பலாக்கொட்டைக் கறியில் தொடங்கி, மகளையும் அவளோடு வாழும் பெண்ணையும் ஒரே மேசையில் உட்கார்த்திப் பரிமாறிய கதையில் கொண்டுபோய் முடித்தார். அதன் கீழே திட்ட வந்த ஒருவர், தன் அம்மாவும் அந்தக் கறியை அப்படித்தான் வைப்பார் என்று எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கு அக்கா எங்கள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அவருடைய முகம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. மகன் கட்டாரில் வேலை செய்கிறான் என்று அவருடைய அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே அக்கா கட்டாரில் இருந்தார். தீபாவளி வந்தால் கண்டிக் கடைகளில் வெளிநாட்டுச் சவர்க்காரம், பேரீச்சம்பழம், பூப்போட்ட போர்வை என்று வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிவிட்டுத் தெரிந்தவர்களிடம் கொடுத்தனுப்புவார். "ஊரையெல்லாம் உண்மையப் பேசச் சொல்றீங்க, இது என்னக்கா?" என்று ஒருமுறை சீண்டினேன். "அது அம்மாவோட பிரசாரம். அதக் கெடுக்க நான் யாரு?" என்று சிரித்தார். பிறகு கதிரையைப் பார்த்துக்கொண்டே, "ஒருநாளு அம்மா இதுல வந்து ஒக்காந்தாப் போதும்" என்றார்.

டெங்கு அக்காவைக் கொண்டுபோய்விட்டது. அவருக்குப் பிடித்த நாவல் நிறச் சேலையை நாங்கள் உடுத்திவிட்டோம். அவருடைய அம்மா வந்து பார்த்தார். பெட்டியை மூடிவிடச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியைத் திறப்பதில்லை என்பது தோட்டத்துக்குப் பழகிப்போன விஷயம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டாரிலிருந்து வந்த மகனாகவே அக்காவைப் புதைத்தார்கள். அந்தத் தாய்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சில மாதங்கள் கழித்து, பிள்ளையின் உடுப்புகளை வாங்கிப்போக அவர் அலுவலகத்துக்கு வந்தார். நான் பையை எடுத்துவரத் திரும்பியபோது, யாரும் சொல்லாமலே அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கமராவை நான் தொடவில்லை.

"இதுலதானா எல்லாரும் ஒக்காருவாங்க?" என்று கேட்டார்.

"நீங்க பாத்திருக்கீங்களாம்மா?"

"பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல காட்டுச்சு. கேக்குற கொரலு யாருதுன்னு மொத வாட்டியே தெரிஞ்சுபோச்சு. அப்பறம் நானே தேடித் தேடிப் பாப்பேன்." கைப்பிடியில் பிரிந்து நின்ற பிரம்பை விரலால் அமுக்கிவிட்டார். "அது ஒவ்வொரு அம்மாகிட்டயும் கேக்கும். நானும் ஒவ்வொரு வாட்டியும் போனப் பாத்துப் பதில் சொல்லுவேன். தேங்கா ரொட்டியும் கட்ட சம்பலும்னு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அழவில்லை. எழுந்தபோது கதிரை வழக்கம்போலச் சேலையைப் பிடித்து இழுத்தது. மெதுவாக விடுவித்துக்கொண்டு, பையோடு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. அந்தக் கேள்வியை என் குரலில் கேட்டுப் பார்த்தேன், வரவில்லை. யாரைப் போய்ச் சேரவேண்டுமென்று அக்கா ஏங்கினாரோ, அவரை எங்கள் படங்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தன. அது தெரியாமல் அக்கா கடைசிவரை கட்டாரிலேயே இருந்துவிட்டார்.