ஒரு நிமிடம் சும்மா

சென்னையிலிருந்து அந்தப் பெண் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேடம், புத்தகம் முழுக்க நல்லா படிச்சிருக்கீங்க. கடைசியா உங்க ரூமோட சைலன்ஸ் மட்டும் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

ஒலிப்புத்தகத்துக்கு நான் குரல் கொடுத்த முதல் வேலை அது. வகுப்பறையில் கத்திக் கத்தி ஓய்வு பெற்றவளின் குரலை யாரோ விரும்பிக் கேட்கப் போகிறார்கள் என்று கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன். நான் இருமிய இடங்களை வெட்டி எடுத்தால் அங்கே பள்ளம் விழுமாம். அதை அடைக்க, அதே அறையில் யாரும் பேசாதபோது இருக்கும் அமைதி வேண்டுமாம். அது கிடைக்காவிட்டால் புத்தகத்தை வேறு யாரையாவது வைத்து முதலிலிருந்து படிக்கச் சொல்வார்களாம். இதையும் அந்தப் பெண் மரியாதையாகவே சொன்னாள்.

கணவரிடம் சொன்னேன்.

"ஒரு நிமிஷ மௌனமா? யாரு போயிட்டா?" என்றார்.

அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. எங்கள் வீட்டில் அவர் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள்.

ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி அடுப்படியில் படுக்க வைத்தேன். புடவைகள் எதிரொலியை விழுங்கும் என்று பீரோவையும் திறந்து வைத்தேன். "நான் வாசல்ல நிக்கறேன், ஈ காக்கா சத்தம் வராது" என்று அவர் வெளியே போனார்.

ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் குப்பை வண்டி பாடிக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தது. அந்தப் பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். இவர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்று, "சும்னிரப்பா! ஒந்தே நிமிஷ! நம்மனேலி சைலன்ஸ் நடீதா இதே!" என்று எங்கள் ஊர்க் கன்னடத்தில் முழங்கினார். ஒரே நிமிஷம் சும்மா இருக்கணுமாம், எங்கள் வீட்டில் சைலன்ஸ் நடந்துகொண்டிருக்கிறதாம். கல்யாணம் நடப்பதுபோல.

வண்டிக்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார். நான் மறுபடி அழுத்தினேன். கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மா, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, யார் போய்விட்டார்கள் என்று கன்னடத்தில் மெல்லக் கேட்டார். யாரும் போகவில்லை என்று இவர் கால் மணி நேரம் விளக்கினார்.

மூன்றாவது தடவை எல்லாம் அடங்கியிருந்தது. தெருநாய்கூடத் தூங்கிக்கொண்டிருந்தது. நிமிடம் முடியப்போகும் நேரம், ஜன்னல் பக்கமிருந்து ஒரு ரகசியக் குரல்: "ஆச்சா?"

மில்லில் ரகசியம் பேசுகிற குரல் அது.

"ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா உங்களால?" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது. "இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

அவர் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நிஜமாகவே சின்னக் குரலில், "வேணும்னு செய்யல. மில்லுல சத்தம் நின்னா ஏதோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஓடிப்போய்ப் பாக்கணும். இப்பவும் நீ சும்மா இருந்தா எனக்கு பக்குங்குது" என்றார்.

"இங்கயே உக்காருங்க. நான் உங்க கண்ணெதிர்லதான் இருக்கேன். ஒண்ணும் கெட்டுப்போகல" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். வெளியே எங்கோ வண்டிகள் ஓடத்தான் செய்தன, ஆனால் அவை வேறு ஊரில் ஓடின. அவர் மூச்சு மெல்ல வந்து போனது. அடுப்படி, சாயங்காலம், சென்னை எதுவும் அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. எத்தனையோ வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இப்படி உட்கார்ந்ததே இல்லை. நிமிடம் முடிந்தும் பட்டனை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

அனுப்பிவிட்டு ராத்திரி பார்த்தால் பால் திரிந்திருந்தது. ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்தே போயிருந்தோம்.

மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். "சூப்பர் சைலன்ஸ் மேடம். புக் முழுக்க இதைத்தான் போட்டிருக்கோம்."

புத்தகம் வெளிவந்ததும் இவர் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனாலென்ன? அதில் நான் படித்துக்கொண்டே போகிறேன், இவர் காதைத் தீட்டிக்கொண்டு வாய் திறக்காமல் காத்திருக்கிறார். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் விரலைத் தூக்கி, "கேளிஸ்த்தா? இது நானு!" என்கிறார். கேட்டுதா, அந்த இடைவெளி அவர்தானாம்.

எனக்கும் என் குரலைவிட அந்த இடைவெளிகள்தான் பிடித்திருக்கின்றன. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊர்க்கோடியில் இருக்கிற சாமுண்டி மலை வரைக்கும் கேட்கும்.